புத்தகத்தைப் பீரோ மேல் வைத்தது யார்?

பெற்றோர்களே, கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். முதலிலேயே சொல்லிவிட்டேன், பிறகு யாரும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

காலையில் பள்ளிக்கூட வேன் வருகிறவரைக்கும் நாம் பேசுகிற பேச்சு குறிஞ்சிப்பாடி பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒன்று, வடலூர் நால்ரோடு பக்கம் வேறொன்று என்று இல்லை. எங்கே நின்றாலும் ஒரே பல்லவிதான். “எம்புள்ள புத்தகத்தத் தொடவே மாட்டேங்குதுங்க. எந்நேரமும் போனுதான்.” சொல்கிறவர் கையிலும் அப்போது போன்தான் இருக்கும். அதை விடுங்கள், எல்லோர் கையிலும் இருக்கிறது.

உங்களை ஒன்று கேட்கிறேன். அந்தப் பிள்ளை பிறந்த நாளிலிருந்து உங்கள் கையில் ஒரு புத்தகத்தைப் பார்த்திருக்கிறதா? ரேஷன் கார்டு, குழுக் கடன் நோட்டு, பேங்க் பாஸ்புக் இதெல்லாம் கணக்கில் வராது. சும்மா, ஆசைக்கு, யாரும் சொல்லாமல் நீங்களாக எடுத்துப் படித்துச் சிரித்ததையோ, படித்ததைப் பக்கத்தில் இருப்பவரிடம் “இதக் கேளேன்” என்று சொன்னதையோ பார்த்திருக்கிறதா? பார்க்காத ஒன்றின்மேல் அதற்கு ஆசை எங்கிருந்து வரும்?

அது பார்த்த புத்தகம் எது என்று நான் சொல்கிறேன். மூன்றரை வயதில் எல்கேஜி சேர்த்ததும் சாய்ந்த கோடு, படுத்த கோடு என்று பக்கம் பக்கமாகப் போட வைத்த நோட்டு. பென்சிலைப் பிடிக்கவே வலு இல்லாத விரலைப் பிடித்து நசுக்கி, “ஒழுங்கா எழுது, மிஸ் அடிப்பாங்க” என்று மிரட்டி எழுத வைத்த நோட்டு. பிறகு டைரி. பிறகு பாடப் புத்தகம். அதற்குமேல் கைடு. காகிதம் பக்கத்தில் வந்தபோதெல்லாம் கூடவே ஓர் அதட்டலும் வந்திருக்கிறது. ஐந்து வருடம் இப்படிப் பழக்கிவிட்டு, ஒன்பது வயதில் “ஏன் இவனுக்குப் படிப்புல ஆர்வமே இல்ல?” என்று வியக்கிறோம். போனில் யாரும் அவனை அதட்டவில்லை. அதனால் அவன் அங்கே போகிறான். பிடுங்கி வைத்தால் புத்தகத்தை எடுப்பான் என்பது தப்புக் கணக்கு. பிடுங்கினால் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான், அவ்வளவுதான்.

நம் ஊருக்குப் படிப்பு வாசனை இல்லை என்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம். ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து 1864 இல் சிதம்பரத்தில் சைவப்பிரகாச வித்தியாசாலை தொடங்கினார். சின்னப் பிள்ளைகளுக்கென்று பால பாடம் எழுதி அச்சுப்போட்டவர் அவர். புதுமைப்பித்தன் பிறந்தது திருப்பாதிரிப்புலியூரில். ஜெயகாந்தன் பிறந்தது கடலூரில். இமையமும் கண்மணி குணசேகரனும் விருத்தாசலம் பக்கம். இந்தக் கடலூர் மாவட்டத்து மண்ணில் முந்திரிக்கும் பலாவுக்கும் அடுத்தபடி நன்றாக விளைவது எழுத்தாளர்கள்தான் என்று யாராவது சொன்னால் நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் நான் சொல்ல வருவது பெரிய பெயர்களைப் பற்றி அல்ல. எழுதப் படிக்கத் தெரியாத நம் பாட்டிமார்களைப் பற்றி.

நம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் படிக்கிற வழக்கத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பகலில் பாரதம், இரவில் கூத்து. ஒருவர் வில்லிபாரதத்துப் பாட்டை ராகம் போட்டுப் படிப்பார், பிரசங்கியார் அதற்குப் பொருள் விரிப்பார். நாள் கணக்காக நடக்கும். வேலையை முடித்துவிட்டு, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வந்து உட்காருவார்கள். மடியில் கிடக்கிற பிள்ளை பாதி கேட்கும், பாதி தூங்கும், திடீரென்று விழித்து “இப்ப யாரு செத்தா?” என்று கேட்கும். அரவான் களப்பலி வந்தால் கூட்டமே கண்ணைத் துடைத்துக்கொள்ளும். கடைசியில் மண்ணால் துரியோதனனைப் பெரிய உருவமாகச் செய்து படுக்க வைத்து, படுகளம் முடிந்து பாஞ்சாலி கூந்தல் முடிக்கிறவரை யாரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். அந்தப் பெண்களில் பலருக்குக் கைநாட்டுதான். ஆனால் சக்கர வியூகத்துக்குள் போன அபிமன்யுவுக்கு வெளியே வரும் வழி ஏன் தெரியவில்லை என்று கேட்டால் வாய் ஓயாமல் சொல்வார்கள்.

யோசித்துப் பாருங்கள். ஆயிரக்கணக்கான பாட்டுகள் உள்ள ஒரு பெரிய புத்தகத்தை ஓர் ஊரே உட்கார்ந்து கேட்டிருக்கிறது. யாரும் அவர்களுக்குப் பரீட்சை வைக்கவில்லை. யாரும் மார்க் போடவில்லை. ஒருவர் வாய்விட்டுப் படித்தார், மற்றவர்கள் ஆசையாகக் கேட்டார்கள். பிள்ளைக்குப் புத்தகத்தின்மேல் ஆசை வர வேறு குறுக்கு வழி கிடையாது. தனக்குப் பிடித்த ஒருவர் வாயிலிருந்து கதை வர வேண்டும். அந்தக் கதை அவர் கையிலிருக்கிற தாளிலிருந்து வருகிறது என்பதைப் பிள்ளை கண்ணால் பார்க்க வேண்டும். அடுத்த நாள் அவர் வீட்டில் இல்லாத நேரத்தில் அதுவே அந்தத் தாளைத் தேடிப் போகும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2014 இல், பிறந்த குழந்தையிலிருந்தே வாய்விட்டுப் படித்துக் காட்டும்படி பெற்றோரிடம் சொல்லுங்கள் என்று தன் மருத்துவர்களுக்கு அறிவுறுத்தியது. தடுப்பூசி போட வரும் தாயிடம் சொல்ல வேண்டிய அளவுக்கு அவர்கள் இதை முக்கியமாக நினைக்கிறார்கள். நம் ஊர்க்காரர்களுக்கோ கோயில் பந்தலிலேயே தெரிந்திருந்த விஷயம் இது. நாம் அதைக் கோயிலோடு விட்டுவிட்டு வந்தோம்.

“நேரம் எங்க இருக்கு? தறியப் பாக்குறதா, புத்தகத்தப் பாக்குறதா?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கைலி நெய்கிற ஊர் இது. குழித்தறியில் இறங்கிவிட்டால் காலும் கையும் கண்ணும் வேலையில்தான் இருக்கும். ஆனால் காது சும்மாதானே இருக்கிறது? கியூபாவில் சுருட்டுச் சுற்றும் தொழிலாளர்கள் 1865 வாக்கில் ஒரு காரியம் செய்தார்கள். வரிசையாக உட்கார்ந்து புகையிலையைச் சுற்றிக்கொண்டிருக்கும்போது, உயரமான மேடையில் ஒருவரை உட்கார வைத்துப் படிக்கச் சொன்னார்கள். முதலில் செய்தித்தாள், பிறகு நாவல். அவருக்குச் சம்பளம் முதலாளி கொடுக்கவில்லை, தொழிலாளர்கள் தங்கள் கூலியிலிருந்து பிரித்துக் கொடுத்தார்கள். எந்த நாவலைப் படிப்பது என்பதையும் அவர்களே தீர்மானித்தார்கள். அப்படி அவர்கள் விரும்பிக் கேட்ட ஒரு பிரெஞ்சு நாவலின் பெயரில்தான் மான்டி கிறிஸ்டோ என்று உலகம் முழுவதும் விற்கிற சுருட்டே இருக்கிறது. அந்த ஆட்கள் நம்மைவிட வசதியாக இருந்தவர்கள் அல்ல.

இதைக் குறிஞ்சிப்பாடியில் செய்ய மேடை கூட வேண்டாம். ஆயா ராட்டையில் தார் சுற்றிக்கொண்டிருக்கும்போது பேரனையோ பேத்தியையோ பக்கத்தில் உட்கார வைத்து, “எனக்கு ஒரு கத படிச்சுக் காட்டு சாமி” என்று சொல்லச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாத ஆயாவைவிட நல்ல வாசிப்பு ஆசிரியர் கிடையாது. காரணம் இருக்கிறது. அவர் தப்புக் கண்டுபிடிக்க மாட்டார். பிள்ளை எழுத்துக் கூட்டித் திக்கித் திணறினாலும் பொறுமையாக இருப்பார். ஒரு வரி முடிந்ததும் “அப்பறம்?” என்று கேட்பார். அந்த ஒரு வார்த்தைக்காகவே பிள்ளை அடுத்த வரியைப் படிக்கும்.

நாம் என்ன செய்கிறோம்? பிள்ளை ‘மழை’யை ‘மளை’ என்று படித்ததும் பாய்கிறோம். “ழ! ழ! நாக்க மடக்கு!” என்று அது சொல்லும்வரை விடுவதில்லை. அதற்குள் கதையில் நரி தப்பித்து ஓடிவிட்டது, பிள்ளையின் மனசும் கூடவே ஓடிவிட்டது. உச்சரிப்பு முக்கியம்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதைத் திருத்த அடுத்த நாள் இருக்கிறது. நீங்கள் படித்துக் காட்டும்போது நீங்கள் ஒழுங்காகச் சொல்லுங்கள், கேட்டுக் கேட்டு அதுவே திருந்தும். (நம்மில் எத்தனை பேர் ஒழுங்காகச் சொல்கிறோம் என்பது தனி வழக்கு.)

இன்னொரு கொடுமை, கதை முடிந்ததும் கேட்கிற கேள்வி. “சரி, இந்தக் கதையோட நீதி என்ன?” ஆசையாகச் சாப்பிட்ட பிள்ளையைப் பிடித்து, எத்தனை பருக்கை தின்றாய் என்று கணக்குக் கேட்கிற மாதிரி இருக்கிறது இது. கதை கேட்டதற்குக் கூலியாகப் பதில் சொல்ல வேண்டும் என்று தெரிந்தால் அடுத்த முறை அது கதைக்கே வராது. பேசாமல் இருங்கள். பிள்ளையாக ஏதாவது கேட்டால் பதில் சொல்லுங்கள். கேட்காவிட்டால் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப் போங்கள். அதே கதையை நாளைக்கும் நாளை மறுநாளும் கேட்டால் அலுத்துக்கொள்ளாமல் படியுங்கள். “இதத்தான் நேத்தே படிச்சோமே” என்பது பெரியவர்களின் சலிப்பு. அடுத்து என்ன வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பதில்தான் பிள்ளைக்குச் சந்தோஷமே.

“வள்ளலார் என்ன பள்ளிக்கூடம் போயா படிச்சாரு? வர்றதுன்னா தானா வரும்” என்று சொல்கிறவர்களும் நம்மிடையே உண்டு. வடலூர் பக்கத்தில் இருப்பதால் இந்தச் சாக்கு நமக்குக் கைவசம் எப்போதும் இருக்கிறது. அந்தக் கதையை முழுசாகச் சொல்லிப் பார்ப்போம். 1823 இல் மருதூரில் பிறந்த பிள்ளை. கைக்குழந்தையாக இருக்கும்போதே தகப்பனார் போய்விட்டார். சென்னையில் மூத்த அண்ணன் சபாபதியிடம் வளர்ந்தார். பாடம் படிக்க மறுத்தார், அண்ணன் கோபப்பட்டு வீட்டுக்கு வராதே என்றார், அண்ணிதான் ஒளித்து ஒளித்துச் சோறு போட்டார் என்று வரலாறு சொல்கிறார்கள். சரி. ஆனால் அந்த அண்ணனுக்கு என்ன தொழில்? புராணப் பிரசங்கம். பெரியபுராணத்தை வாய்விட்டுப் படிப்பதும் பொருள் சொல்வதுமாக இருந்த வீடு அது. அண்ணன் பிரசங்கத்துக்குப் போகும்போது பாட்டைப் படிக்கத் தம்பியும் கூடப் போனார். அண்ணனுக்கு உடம்பு சரியில்லாத ஒரு நாள் தம்பியே உட்கார்ந்து பேச, கேட்டவர்கள் அசந்து போனார்கள். அருளைப் பற்றி வழக்காட நான் வரவில்லை. அந்தப் பிள்ளை எப்படிப்பட்ட வீட்டில் காதைத் திறந்து வைத்திருந்தது என்பதை மட்டும் பாருங்கள். அண்ணன் அதட்டியபோது படிக்காத பிள்ளை, அண்ணன் படித்ததைக் கேட்டிருக்கிறது. உங்கள் வீட்டில் பிள்ளையின் காதில் விழுவது என்ன? சாயங்காலம் ஆறரை மணியிலிருந்து சீரியலில் மாமியார் மருமகளைத் திட்டுகிற சத்தம்.

ஜெயகாந்தனையும் இப்படித்தான் இழுக்கிறார்கள், அஞ்சாம் கிளாஸோடு நின்றவர் என்று. நின்றார். ஆனால் விழுப்புரத்தில் மாமா வீட்டில் பாரதியைக் காட்டிக் கொடுக்க ஆள் இருந்தது. பிறகு சென்னையில் கட்சி அலுவலகத்தில், காலையிலிருந்து இரவு வரை படிப்பதும் வாதாடுவதுமாக இருந்த பெரியவர்கள் நடுவில் வளர்ந்தார். பள்ளிக்கூடம் கைவிட்ட பிள்ளைக்கும் படிக்கிற ஆட்கள் பக்கத்தில் இருந்தார்கள் என்பதுதான் விஷயம்.

இப்போது பீரோவுக்கு வருகிறேன்.

பல வீடுகளில் பிள்ளைகளுக்கான கதைப் புத்தகம் இருக்கிறது. யாரோ சித்தப்பா வாங்கிக் கொடுத்திருப்பார், இல்லையென்றால் பள்ளியில் பரிசாகக் கொடுத்திருப்பார்கள். எங்கே இருக்கிறது? பீரோ மேல். கேட்டால், “கிழிச்சிடுவான்ங்க.” கிழிக்கட்டுமே! ஒன்றரை வயதில் கடிப்பதும் கிழிப்பதும்தான் வாசிப்பு. மூன்று வயதில் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு தானே இட்டுக்கட்டி ஒரு கதை சொல்வதுதான் வாசிப்பு. கிழிந்தால் ஒட்டிக் கொடுங்கள், ஒட்டும்போது பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தாவணியும் பட்டுப்புடவையும் கட்டிய பொம்மைகளுக்கு ஷோகேஸில் இடம் இருக்கிறது, பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்தில் நாலு புத்தகத்துக்கு இடம் இல்லை. ஆறாயிரம் ரூபாய்க்குப் போன் வாங்கிப் பிள்ளை கையில் கொடுக்கும்போது வராத பயம், அறுபது ரூபாய்ப் புத்தகத்துக்கு வருகிறது.

பூட்டி வைத்தால் என்ன ஆகும் என்பதற்குச் சிதம்பரத்தைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா? தேவார ஏடுகளைத் தேடிக்கொண்டு சோழ மன்னனும் நம்பியாண்டார் நம்பியும் தில்லைக்கு வந்த கதையை எல்லோரும் கேட்டிருப்பீர்கள். ஏடுகள் கோயிலில் ஓர் அறைக்குள் பூட்டிக் கிடந்தன. தேவாரம் பாடிய மூவரும் வந்தால்தான் திறக்கலாம் என்றார்கள். அரசன் மூவர் திருவுருவங்களையும் எழுந்தருளச் செய்து, இதோ வந்துவிட்டார்கள் என்றான். திறந்து பார்த்தால் ஏடுகளின் மேல் புற்று வளர்ந்திருந்தது. செல்லரித்தது போக மிஞ்சியதைத்தான் இன்றைக்கு ஓதுவார்கள் பாடுகிறார்கள். பத்திரமாக வைத்தவர்கள் கெட்ட எண்ணத்தில் வைக்கவில்லை. பீரோ மேல் வைக்கிற நீங்களும் அப்படித்தான்.

அந்தத் தில்லையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிற சீர்காழியில் 1892 இல் பிறந்தவர் எஸ். ஆர். ரங்கநாதன், இந்திய நூலகத் துறையின் தந்தை என்று சொல்லப்படுகிறவர். 1931 இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் முதல் விதியே, புத்தகம் இருப்பது பயன்படுத்துவதற்காக என்பதுதான். அதே 1931 இல் மன்னார்குடி பக்கம் மேலவாசலில், கனகசபைப் பிள்ளை என்பவரின் முயற்சியில் மாட்டு வண்டியில் புத்தகங்களை அடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற நூலகத்தைத் தொடங்கி வைத்தார்கள். ரோடு இல்லாத காலத்தில் மாட்டு வண்டியில் ஏறிக் கிராமத்துக்குப் போன புத்தகம், நம் வீட்டில் பீரோவிலிருந்து இறங்கி வரத் தயங்குகிறது.

நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்கு வருகிறேன். இருபது வருடத்துக்கு மேலாக என்எல்சி நடத்துகிறது. ஜூன் கடைசி, ஜூலை தொடக்கம் என்றால் குறிஞ்சிப்பாடியிலிருந்து பஸ் பிடித்து எல்லோரும் போகிறோம். போய் என்ன செய்கிறோம்? ஆளுக்கொரு டெல்லி அப்பளம், ஒரு மிளகாய் பஜ்ஜி, ஒரு ஐஸ்கிரீம். தின்னுங்கள், நானும் தின்பேன். பிறகு பிள்ளை ஒரு ஸ்டாலில் நின்று டைனோசர் படம் போட்ட புத்தகத்தையோ காமிக்ஸையோ பிடித்துக்கொண்டு விட மாட்டேன் என்று நிற்கும். “அதுல என்னா இருக்கு, வெறும் படம். இந்தா பாரு, ஜெனரல் நாலெட்ஜ். இதப் படி, பரீட்சைக்கு ஆகும்” என்று பிடுங்கி வைத்துவிட்டு, கையெழுத்துப் பயிற்சி நோட்டும் வாய்ப்பாடும் வாங்கிக்கொண்டு வருகிறோம். திருவிழாவுக்குக் கூட்டிப்போய்ப் பள்ளிக்கூடத்தையே வாங்கிக் கொடுத்தாயிற்று.

படக்கதையை மட்டம் தட்டாதீர்கள். 1947 இல் வரத் தொடங்கிய அம்புலிமாமாவையும், 1972 இல் சிவகாசியிலிருந்து வந்த முத்து காமிக்ஸையும் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்த பையன்கள்தான் பிற்பாடு பெரிய பெரிய நாவல்களைப் படித்தார்கள். அந்தக் காமிக்ஸில் வந்த இரும்புக்கை மாயாவியிடம் பட்ட கடன் தமிழ் வாசகர்கள் பலருக்கு இன்னும் தீரவில்லை. பிள்ளை எதைக் கேட்கிறதோ அதை வாங்கிக் கொடுங்கள். பத்து புத்தகத்தில் ஒன்றை நீங்கள் தேர்ந்தெடுங்கள், ஒன்பதை அது தேர்ந்தெடுக்கட்டும்.

பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடவும் முடியாது. 2022 இல் ஊரகப் பிள்ளைகளிடம் எடுத்த அசர் ஆய்வில், தமிழ்நாட்டில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவரால்தான் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடங்கல் இல்லாமல் படிக்க முடிந்தது. 2018 இல் பத்தில் நாலு பேரால் முடிந்தது. நடுவில் கொரோனா வந்து பள்ளியை மூடியது. இதில் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் சேர்த்திதான், ஆகவே ஃபீஸ் கட்டுகிறவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டாம். அரசு கை கட்டிக்கொண்டு நிற்கவில்லை. 2021 அக்டோபரில் இல்லம் தேடிக் கல்வியை முதலில் தொடங்கிய 12 மாவட்டங்களில் கடலூரும் ஒன்று. தெருவிலேயே இருக்கிற படித்த பெண்கள் சாயங்காலம் திண்ணையில் பிள்ளைகளை உட்கார வைத்துக் கதையும் பாட்டுமாக ஆரம்பித்தார்கள். 2023 இல் வாசிப்பு இயக்கம் வந்தது. நுழை, நட, ஓடு, பற என்று நாலு படியாகப் பிரித்து, ஒரே மூச்சில் படித்து முடிக்கிற சின்னச் சின்னப் புத்தகங்களை அரசுப் பள்ளிகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் பாடப் புத்தகத்தில் காட்டாத அவசரத்தை அதில் காட்டுகிறார்கள். இதற்கு நம்மவர்கள் சொன்னது என்ன? “கதப் புத்தகமா குடுக்குறாங்களாம், பாடம் நடத்த மாட்டாங்களா?” இதைச் சொன்னவர் யாராக இருந்தாலும், அடுத்த முறை பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வந்து அந்தப் புத்தகத்தில் ஒன்றை முழுசாகப் படித்துவிட்டுப் பேசுங்கள்.

“எம்புள்ள இங்கிலீஷ் மீடியம், தமிழ்க் கதை எதுக்கு?” என்கிறவர்களுக்கு நீளமாகப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை. வீட்டில் பேசுகிற மொழியில் ஒரு பக்கத்தை ஆசையாகப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கு அடுத்த மொழி வரும். ரெண்டும் கெட்டானாக நிற்கிற பிள்ளைக்குத்தான் எதுவும் வராது. ஒரே புத்தகத்தில் இரண்டு மொழியும் சேர்த்து அச்சிட்ட படப் புத்தகங்களைச் சென்னையில் தூலிகா போடுகிறது. நேஷனல் புக் டிரஸ்ட் புத்தகங்கள் விலை குறைவு. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் காசில்லாமலே கிடைக்கின்றன. எந்தப் போனைக் குற்றம் சொல்கிறீர்களோ அதே போனில். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து நீங்கள் படித்துக் காட்டுவதானால் போனும் பாவமில்லை.

ஒரு பெண் என்னிடம் கேட்டார், “எனக்கே படிக்க வராதுங்க, நான் என்னா பண்றது?” கோபம் எல்லாம் இறங்கிப்போகிற கேள்வி இது. அவருக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். படத்தைப் பார்த்துக் கதை சொல்லுங்கள் அம்மா, புத்தகத்தில் எழுதியிருப்பதும் நீங்கள் சொல்வதும் வேறு வேறாக இருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. பெரிய பிள்ளையைச் சின்னதுக்குப் படித்துக் காட்டச் சொல்லி, நடுவில் நீங்களும் உட்கார்ந்து கேளுங்கள். உங்களுக்குத் தெரிந்த கதையை, உங்கள் அம்மா சொன்ன கதையைச் சொல்லுங்கள், பெரிய பிள்ளை அதை நோட்டில் எழுதட்டும். அது வீட்டிலேயே உண்டான புத்தகம். இந்தப் பெண்ணிடம் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பட்டம் வாங்கிவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு ஒரு புத்தகத்தையும் திறக்காதவர்களிடம்தான் எனக்குச் சண்டை.

அதிலும் அப்பாக்களிடம் கொஞ்சம் கூடுதலாக. கதை சொல்வது அம்மா வேலை, ஃபீஸ் கட்டுவது நம் வேலை என்று யார் பிரித்தார்கள்? டீக்கடையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு அரசியல் செய்தியை ஊருக்கே உரக்கப் படித்துக் காட்டத் தெரிகிறது. நம் அப்பா, தாத்தா காலத்தில் தெருவுக்குத் தெரு படிப்பகம் இருந்தது, கட்சிப் பத்திரிகையை ஒருவர் படிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். அந்தக் குரலை வீட்டுக்குள் கொண்டுவந்து, ராத்திரி சாப்பிட்ட பிறகு பத்து நிமிஷம் ஒரு முயல் கதைக்குச் செலவழித்தால் மீசை குறைந்து போகாது. பையன்கள் அப்பாவைப் பார்த்துத்தான் வளர்கிறார்கள். அப்பா ஒருநாளும் புத்தகத்தைத் தொடாவிட்டால், அது அம்மாவும் டீச்சரும் பார்க்கிற வேலை என்று அவன் ஏழு வயதிலேயே முடிவு கட்டிவிடுகிறான்.

காதுகுத்துக்கும் பிறந்தநாளுக்கும் செய்கிற செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாய்மாமன் சீர்த்தட்டில் பழம், பலகாரம், துணி, நகை எல்லாம் வரிசையாக வருகிறது. ஒரு தட்டில் நாலு படப் புத்தகத்தை வையுங்கள். முதல் தடவை சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நாலு வீட்டில் வைத்துவிட்டால் ஐந்தாவது வீட்டில் வைக்காதவரைப் பார்த்துச் சிரிப்பார்கள், நம் ஊர் வழக்கமே அதுதானே.

காசு இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். வீட்டு வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். ஒரு ரூபாய் வரிக்குப் பத்து பைசா வீதம் நூலக வரி என்று தனியாக வாங்கியிருப்பார்கள். ரங்கநாதன் பாடுபட்டு 1948 இல் சென்னை மாகாணத்தில் கொண்டுவந்த பொது நூலகச் சட்டத்தால் வந்த வரி அது. சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டம். ஆக, கிளை நூலகத்தில் இருக்கிற ஒவ்வொரு புத்தகத்துக்கும் நீங்கள் ஏற்கெனவே காசு கட்டிவிட்டீர்கள். கட்டிவிட்டு எடுக்காமல் இருக்கிறீர்கள். சினிமா டிக்கெட் வாங்கிவிட்டுப் படத்துக்குப் போகாமல் இருந்ததுண்டா நீங்கள்? உறுப்பினர் கட்டணம் ஒரு வேளை பரோட்டாவுக்கு ஆகிற செலவுதான். பிள்ளையின் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள், அந்த அட்டையில் தன் பெயரைப் பார்க்கட்டும். முதல் தடவை போகும்போது அங்கே பிள்ளைகளுக்கான அலமாரி பூட்டியிருந்தால் நூலகரிடம் மரியாதையாகக் கேட்டுத் திறக்கச் சொல்லுங்கள். புத்தகம் போதாது என்றால் எழுதிக் கொடுங்கள். யாரும் கேட்காததால்தான் பல இடங்களில் வாங்குவதில்லை.

வெள்ளிக்கிழமை நூலகத்துக்கு விடுமுறை. அன்றைக்குப் போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டு வந்து, “நாங்களுந்தான் கூட்டிட்டுப் போனோம், தெறந்தே இல்ல” என்று வேன் நிற்கிற இடத்தில் யாரும் கதை விட வேண்டாம்.